ஐந்தாம் நம்பர் கால்

2024 ஜனவரி 9, செவ்வாய்

இன்றைக்குக் கம்பனியில் ஒரு கொப்பி கொடுத்தார்கள். முன்பக்கத்தில் கோடு போட்டு நாலு பத்தி: திகதி, எத்தனை கிலோமீற்றர், எந்தப் பாதை, கால் எப்படி. 'கால் எப்படி' என்பதற்கு விட்ட இடம் ஒரு விரல் அகலம். அதற்குள் கால் எப்படி என்று யாரால் எழுத முடியும்? கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எனக்காக எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் செருப்புக் கம்பனி இனி ஓட்டச் சப்பாத்தும் செய்யப் போகிறதாம். இவ்வளவு நாளும் ரப்பர் செருப்பு, பள்ளிக்கூடச் சப்பாத்து, கல்யாண வீட்டுக்குப் போடும் செருப்பு. இப்போது ஊரெல்லாம் விடியவே எழும்பி ஓடுகிறது, நம்மைப்போல செருப்பு செய்தவர்கள் எல்லாம் அதில் இறங்கிவிட்டார்கள், நாமும் இறங்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து வந்த பெரியவர் சொன்னார். மாதிரிச் சப்பாத்தின் குதிப் பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கிக் காட்டினார். கடையில் காலை நுழைக்கும்போதே சனம் சிரிக்க வேண்டும், அதுதான் நம்ம கம்பனி என்றார். நாங்களும் ஆளுக்கொரு தரம் அமுக்கிப் பார்த்துச் சிரித்தோம்.

பிறகு எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

ஜனவரி 10

காலைப் பற்றி எழுதி வைக்கிறேன். எனக்கு இரண்டு காலும் ஒரே அளவு. மனிசருக்கு அப்படி அமையாதாம், ஒன்று கொஞ்சம் நீண்டிருக்குமாம். ஒன்பது வருசத்துக்கு முன் நான் அடிப்பாகம் ஒட்டும் மேசையில் இருந்தேன். பசை மணத்துக்கு மத்தியானம் ஆகும்போது தலை வெடிக்கும், சோறு இறங்காது. அப்போது ஒரு நாள் எல்லாப் பெண்களின் காலையும் அளந்தார்கள். அச்சொட்டாக ஐந்தாம் நம்பர் என்று வந்தது என் கால் மட்டும்தான். ஒரு தாளில் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்து, கீழே 'நிலூஷா – 5' என்று எழுதி, மாதிரி அறைச் சுவரில் ஒட்டினார்கள். அன்றையிலிருந்து அந்த அறையில் ஜன்னலோரக் கதிரை எனக்கு. புது மாதிரி எது வந்தாலும் முதலில் என் காலில் போட்டு, பத்து அடி நடந்து பார்த்து, 'சரி' என்றால் மேலே போகும். 'கடிக்குது' என்றால் திரும்பிப் போகும்.

கால் போனால் கதிரை போகும், திரும்பவும் பசை மேசைதான்.

இப்போது பத்து அடி போதாதாம், ஓட வேண்டுமாம். நான் கடைசியாக ஓடியது எட்டாம் வகுப்பில், அதுவும் சாக்குக்குள்.

ஜனவரி 15

பொங்கலன்று எவளாவது ஓடுவாளா? நான் ஓடினேன். வீட்டிலிருந்து ரயில் கடவை வரைக்கும்தான். நாய் துரத்தும் என்று நான் பயந்ததால் கணேஸ் பின்னால் த்ரீவீலரில் ஊர்ந்து வந்தார். என் வீட்டுக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏறிக்கிறியா நிலூ, இல்ல நான் எறங்கித் தள்ளவா?" என்று கேட்டார். சிரித்ததில் இருந்த மூச்சும் போய்விட்டது.

முன்பக்கத்தில் எழுதியது: 0.6. கால் – சரி.

பெப்ரவரி 20

காலை ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். பாதையும் தண்டவாளமும் கொஞ்சத் தூரம் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. இன்றைக்கு ஒரே பனி. ரயிலின் கீழ்ப்பாதி தெரியவில்லை, ஜன்னல்கள் மட்டும் மிதந்து வந்தன. ஒரு ஜன்னலில் ஒரு குழந்தை. நான் ஓட ஓட அந்த ஜன்னல் என்னை விட்டுப் போகவில்லை. ரயில் நின்றுவிட்டதோ, நான்தான் நின்றுவிட்டேனோ, மலை மட்டும் பின்னால் போகிறதோ – ஒன்றும் விளங்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்றும் தெரியாது. வளைவில் குழந்தை கை காட்டியதும்தான் எனக்குக் கால் இருப்பதே ஞாபகம் வந்தது.

வேலைக்குப் போய்க் கதிரையில் இருந்த பிறகும் அறை மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது.

மார்ச் 17

ஏழு கிலோமீற்றர். கணேஸிடம்கூடச் சொல்லவில்லை, எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

மார்ச் 30

கனவு. மாதிரி அறைக் கதிரையில் இருக்கிறேன். முக்காலியில் வைத்திருந்த கால் இரண்டும் இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு போகின்றன. எனக்குப் பயமில்லை. வெளியே பனி, இறங்குபாதை, அவை போய்க்கொண்டே இருக்கின்றன. சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழும்பி முதலில் போர்வையைத் தூக்கித்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. கோயிலுக்குப் போக அலுமாரியிலிருந்து நல்ல செருப்பை எடுத்தேன். மூன்று வருசமாகப் போடுவது. இன்றைக்குக் கடித்தது. பலகாரம் கூடிப்போய்க் கால் வீங்கியிருக்கும்.

ஏப்ரல் 29, திங்கள்

பலகாரம் இல்லை.

போன கிழமை ஓட்டச் சப்பாத்தின் கடைசி மாதிரி வந்தது. அழகு, இளநீலம். பத்து அடியில் ஒன்றும் தெரியாது, மெத்தையில் நடப்பதுபோல்தான் இருக்கும். ஆனால் எட்டாவது கிலோமீற்றருக்குப் பிறகு, பள்ளத்தில் இறங்கும்போது, பெருவிரல் நுனியில் போய் இடிக்கிறது. வீட்டில் தாளை விரித்துக் காலை வைத்து நானே வரைந்து பார்த்தேன். வலது கால் நாலு மில்லிமீற்றர் நீண்டிருக்கிறது, இடது இரண்டு. ஓடி ஓடிக் கால் பரந்து போயிருக்கிறது. இரண்டும் ஒரே அளவுகூட இல்லை.

அப்படியென்றால் பிழை என் காலில்தானே? சப்பாத்து ஐந்தாம் நம்பருக்குச் சரியாகத்தானே செய்திருக்கிறார்கள்? நான்தான் இப்போது ஐந்து இல்லை.

இந்தச் சப்பாத்து வேலைக்குப் பொறுப்பு சத்தியபாமா மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட ஆறேழு வயது குறைவு, ஆனால் கண் கூர்மை. இன்றைக்கு முன்னால் குந்தியிருந்து சப்பாத்தின் நுனியை அமுக்கிப் பார்த்தா. நான் உள்ளே விரல்களை மடக்கிக்கொண்டேன். ஒன்பது வருசமாகக் காலைக் காட்டுகிறவளுக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்? வெளியே ஒன்றும் தெரியாது.

"நோகேல்லையோ?" என்று கேட்டா.

"இல்ல மிஸ், சரி."

மே 8

எட்டு நாளாக ஓடவில்லை. ஓடாமல் இருந்தால் கால் பழையபடி வருமோ என்று பார்த்தேன். கால் வரவில்லை. எனக்குத்தான் எல்லாம் வெறிச்சோடிப் போயிற்று. ரயில் சத்தம் கேட்டால் அழுகை வருகிறது, என்ன பைத்தியமோ. கணேஸ் இன்றைக்குப் பகிடி விடவில்லை. விடியவே த்ரீவீலரைத் துடைத்துவிட்டு, சப்பாத்தை வாசலில் எடுத்து வைத்தார்.

ஓடினேன்.

மே 23

வெசாக், புத்தர் பண்டிகை. பாதை நெடுகிலும் கடதாசி விளக்குக் கூடுகள் பனியில் நனைந்து தொங்கின. பத்துக் கிலோமீற்றர், முதல் தரம். ஒரு கட்டத்தில் என் மூச்சு எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் ஓடுவதுபோல் கேட்டது. இறங்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சிவப்புப் பூச்சு அடித்திருக்கிறேன். மாதிரி அறையில் அழகு என்றார்கள்.

ஜூன் 10

நாற்பது சோடி, நாற்பது ஓட்டக்காரருக்குக் கொடுத்தாயிற்று. பத்து நாள் ஓடிப் பார்த்து அவர்களும் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு கடைக்குப் போகும். பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அவர்கள் எல்லோருக்கும் கால் சரியான அளவில் இருக்கும், எனக்குத்தான் கோளாறு. அப்படித்தானே?

ஜூன் 23, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

கெலிஓயாவில் பஸ்லினா என்று ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஐந்தாம் நம்பர். கொப்பியை அனுப்பவில்லை, போன் எடுத்தாலும் சரியாகப் பதில் இல்லை, போய்ப் பார்த்து வரச் சொல்லி மிஸ் என்னை அனுப்பினா. கணேஸ்தான் கூட்டிப் போனார். அந்தப் பிள்ளை கதிரையில் இருந்து காலை இன்னொரு கதிரையில் நீட்டியிருந்தது. இரண்டு பெருவிரலிலும் துணி சுற்றியிருந்தது. ஒரு நகம் கழன்றே விட்டதாம். அடுத்த மாதம் மாகாணப் போட்டி. அதற்குத்தான் வருசம் முழுக்க ஓடினாளாம், இனிப் போக முடியாது.

ஏசுவாள் என்று நினைத்தேன். தேத்தண்ணி தந்தாள். சப்பாத்தைத் துடைத்துப் பெட்டியில் போட்டுத் தந்தாள்.

"பள்ளம் எறங்கக்குள்ளதான் அக்கா. சப்பாத்துல ஒண்டும் இல்ல. என்ட கால்லதான் பிழை போல. அங்க ஒரு அக்கா ஓடிப் பார்த்துட்டு சரி என்டு சொன்னதாமே?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த அக்கா நான்தான் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. சீ.

அவள் கால் வளரவில்லை. அவள் ஐந்தாம் நம்பர்தான், சோடி கொடுக்கும்போது அளந்தது, அச்சொட்டாக. அப்போ என் காலில் மட்டும் இல்லை – எல்லாருக்கும் இடிக்கிறது. அவளும் அவள் காலைக் குற்றம் சொல்கிறாள், நானும் என் காலைக் குற்றம் சொன்னேன். மீதி முப்பத்தொன்பது பேரும் இப்போது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. வரும் வழியில் கணேஸிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பசை மேசைக்குப் போக வேண்டிவருமே என்றேன். "போனா போவ. எனக்குப் பொய் சொல்ற காலு வேணாம்" என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

ஜூன் 24

கொப்பியை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். முன்பக்கம் பார்க்க வேண்டாம், பின்னாலிருந்து வாசிங்க என்றேன். இதைக் கடதாசித் துண்டில் எழுதுகிறேன்.

ஜூன் 26

கொப்பி திரும்பி வந்தது. கணேஸைப் பற்றி எழுதியதையும் வாசித்திருப்பா, கனவையும்! வெட்கமாக இருக்கிறது.

நேற்றே நாற்பது சோடியையும் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டா. பதினேழு பேருக்கு நகம் கறுத்திருக்கிறது. இன்றைக்கு என் காலை அளந்தா. பிறகு பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு வரச் சொல்லி, வேர்வையோடு திரும்பவும் அளந்தா. இன்னும் நீளம், இன்னும் அகலம். சுவரிலிருந்த பழைய தாளைக் கழற்றிப் புதுத் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. பழைய கால் புதுக் காலுக்குள் அடங்கி நின்றது.

"உங்கட கால் மட்டுமில்லை, ஓடுற கால் எல்லாம் இப்பிடித்தான். நாங்கள் செருப்பு செய்யிற அதே கால் அச்சில இதையும் செய்திருக்கிறம். நிக்கிற காலுக்குச் சப்பாத்துச் செய்துபோட்டு ஓடச் சொல்லியிருக்கிறம்."

பிறகு தாளைப் பார்த்தபடியே, "ஏப்ரலிலயே சொல்லியிருக்கலாம் நிலூஷா" என்றா. வேறு ஏச்சு இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூன் 30

கெலிஓயாவுக்குப் போய்ப் பஸ்லினாவிடம் சொன்னேன். இன்றைக்குத் தேத்தண்ணி இல்லை.

ஜூலை 8

மாதிரி அறைக்குப் புதுப் பெண் வந்துவிட்டாள். அச்சொட்டாக ஐந்தாம் நம்பர். அவள் காலைப் பென்சிலால் வரையும்போது கூச்சத்தில் சிரித்தாள், அன்றைக்கு நானும் அப்படித்தான் சிரித்தேன். ஜன்னலோரக் கதிரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன்.

பசை மேசை. மணம் அதேதான். இப்போது முகமூடி தருகிறார்கள், பெரிய வித்தியாசமில்லை. தலையிடி.

ஜூலை 9

விடியவே ஓடினேன். ஐந்தாவது கிலோமீற்றரில் பசை மணம் மூக்கிலிருந்து போனது.

செப்டம்பர் 12

இன்றைக்கு ஒரு அதிசயம். புது ஓட்டச் சப்பாத்து எங்கள் மேசைக்கு வந்தது. அடிப்பாகம் ஒட்டும்போது சப்பாத்துக்குள்ளே அச்சு இருக்கும், கல்லுக்கால் மாதிரி கனமாக. ஒட்டி முடித்து ஒன்றை உருவி எடுத்தேன். பெருவிரல் பக்கம் கொஞ்சம் வெளியே தள்ளிய வளைவு. சுண்டுவிரல் ஓரத்தில் சின்னப் புடைப்பு.

எனக்குத் தெரியாதா என் காலை?

மிஸ் என்னிடம் சொல்லவே இல்லை. ஓடிவிட்டு வந்து வேர்வையோடு அளந்த அந்த அளவிலிருந்து செய்திருக்கிறா. மத்தியானம் வரைக்கும் என் காலுக்கே பசை பூசிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரி ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள்.

கொழும்புப் பெரியவர், கடையில் போட்டால் பெரிதாகத் தெரியும், சனம் சிரிக்காது என்றாராம். ஒரு மைல் ஓடிவிட்டு வந்து சொல்லச் சொல்லி மிஸ் அவருக்கு ஒரு சோடியை அனுப்பினாவாம். அவர் ஓடினாரா என்று தெரியாது, பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

ஓட்டப் போட்டி, கண்டிக் குளத்தைச் சுற்றி மூன்று தரம். நானூறு பேருக்கு மேல். குளத்தின் மேல் வெள்ளையாகப் பனி இருந்தது, மறுகரையில் ஓடுகிறவர்கள் தண்ணீரின் மேல் போவதுபோல் தெரிந்தார்கள். கணேஸ் மதிலோரமாக நின்று என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு மானத்தை வாங்கினார்.

இரண்டாவது சுற்றில் ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். எங்கள் புது இளநீலச் சப்பாத்து. முகம் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன், என் பழக்கம் அது. ஏற்றத்தில் லேசாக, இறக்கத்தில் இன்னும் லேசாகப் போனாள். இறக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள் அப்படிப் போகமாட்டாள். வளைவில் திரும்பிப் பார்த்தாள். பஸ்லினா.

சிரித்தாள் என்று சொல்லமாட்டேன். "வாங்க அக்கா" என்றாள்.

என்னால் அவளைப் பிடிக்க முடியவில்லை, பிடிக்கவும் ஆசையில்லை. பனிக்குள் போய் அவள் மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டே ஓடினேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது என் கால்.

நாளைக்குக் காலை ஆறரைக்கு வேலை.