வாக்கர் என்று நீ எடுத்த பெயர்

இன்று காலையும் அயன் பண்ணும்போது கொலரைக் கருக்கிவிட்டேன். சூட்டில் ஈரத்துணி விடும் ஆவி மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைச் சேர்ட். உன் செத்தவீட்டுக்கு நான் போட்டுக்கொண்டு வந்த அதே சேர்ட்.

கனடா வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் ஏழு பேர் இருந்தோம். சமையல், கூட்டுவது, குளியலறை கழுவுவது எல்லாம் முறை வைத்து மாறும். சுவரில் பட்டியல்கூட ஒட்டியிருந்தோம். அயன் பண்ணுவது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு பேருடைய சேர்ட்டுகளும் உன் கட்டிலில் வந்து குவியும். "நீ பிடிச்சாத்தான் மச்சான் மடிப்பு நிக்குது" என்று முதலில் தூக்கிப் போட்டவன் நான்தான். நீயும் சிரித்துக்கொண்டு வாங்கினாய். ஊரில் உன் அப்பா எங்கள் வீட்டு அழுக்குத் துணி மூட்டையை எடுக்கப் பின்வாசலால் வருவார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற ஐந்து பேருக்கும் தெரியாது. அதை நான் சொல்லாமல் இருந்ததைப் பெரிய மனசு என்று வேறு நினைத்திருந்தேன்.

பிறகு ஸ்காபரோவில் கதிரை மேசை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எங்கள் சூப்பர்வைசர் வெள்ளைக்காரர். குடும்பப் பெயர் வாக்கர். அப்பாவின் பெயரைக் கொண்டு திரியும் நமக்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் வருவது புதினம்தானே. ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்டாய். அவர் வாய் நிறையச் சான்விச்சோடு சொன்னார். அவருடைய முன்னோர் இங்கிலாந்தின் வடக்கில் துணி மிதித்தவர்களாம். நெய்து வரும் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, பழைய மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கி, அழுக்குப் போய் இழை இறுகும்வரை நடப்பதுபோலக் காலால் மிதிப்பது. அப்படி நடந்தவன்தான் வாக்கர். இதே வேலை செய்தவனை வேறு பக்கங்களில் புல்லர் என்பார்களாம், ரக்கர் என்பார்களாம். மூத்திரம் என்று சொல்லும்போதுகூட அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சாப்பாட்டறை முழுக்கக் கேட்டது. நீ மெல்லுவதை நிறுத்திவிட்டாய்.

அன்று பின்னேரம் ரெலிபோன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாய்.

"ஸ்மித் கொல்லன். பேக்கர் பாண் போடுறவன். பார்பர் தலைமயிர் வெட்டுறவன். பார் மச்சான், பக்கம் பக்கமாக் கிடக்கு. ஒருத்தனும் ஒளிக்கேல்லை. வாக்கர் எண்டு டொக்டரும் இருக்கிறான், லோயரும் இருக்கிறான்."

குடியுரிமை எடுத்த கையோடு பெயரை மாற்றினாய். அப்பாவின் பெயர் போய் வாக்கர் வந்தது. அறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வெள்ளையளுக்கு வாயில நுழையுமடா" என்று சமாளித்தாய். என்னிடம் மட்டும் லிஃப்டில் வைத்துச் சொன்னாய்: "அப்பான்ர பேரை விட்டிட்டன் எண்டு நினைக்காதை. அப்பான்ர வேலையைத்தான் பேராப் போட்டிருக்கிறன். இஞ்சை அதை நிமிந்து சொல்லலாம்." நான் தலையை ஆட்டினேன். உன் தோளில் ஒருக்கால் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

வருடங்கள் ஓடின. தாயில்லாமல் நீ வளர்த்த உன் மகள், ஸ்ரௌவ்வில் நகரத்துப் பெடியன் ஒருவனை விரும்பினாள். மண்டபமும் பார்த்தாயிற்று. ஆனால் கனடா வந்தும் நம் சனத்தை விடாத பழக்கம் ஒன்று உண்டே, சம்பந்தம் என்றால் ஊர் தெரிந்த ஒருவருக்குப் போன் எடுத்து விசாரிப்பது. பெடியனின் தாய் எனக்கு எடுத்தார்.

"அண்ணை, வாக்கர் எண்டு பேர் வைச்சிருக்கினம். வேதக்காரரோ, சேர்ச்சுக்குப் போறவையோ எண்டு கேட்டா இல்லையாம். நீங்கள் ஒரே ஊர்தானே, எப்பிடி ஆக்கள்?"

"அருமையான மனுசன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அது சரி அண்ணை. ஆனா..."

"ஆனா எங்கட ஆக்கள் இல்லை."

ஒருவரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. உன்மேல் கோபமோ எரிச்சலோ இருந்து சொன்னதும் இல்லை. பழக்கத்தில் வந்தது. அதை நினைக்கத்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

பெடியன் தாயின் பேச்சைத் தாண்டவில்லை. உன் மகள் வேலையை மாற்றிக்கொண்டு கல்கரிக்குப் போய்விட்டாள். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தாய். வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தபடியே கேட்டாய்.

"அவை உனக்குப் போன் எடுத்தவையாம்?"

"ஓம்."

நாடாவை ஆறுதலாகக் கட்டினாய். "நீ பொய் சொல்லியிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்."

அதன்பிறகு ஆறு வருடம் நீ வரவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்து என்னத்தைச் சொல்வது?

செத்தவீட்டில் உன் மகள் என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தாள். "அங்கிள், அப்பா ஓல்வேஸ் உங்களைப் பற்றி நல்லாத்தான் சொல்லுவார். பெஸ்ட் ஃபிரெண்ட் எண்டு." கலியாணம் என் வாயால்தான் நின்றது என்று நீ அவளுக்குச் சொல்லவே இல்லை. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் மனம் இன்னொருமுறை நோகக்கூடாது என்றுதான் மூடி வைத்தாய்.

பிறகு அவள் கேட்டாள்: "நான் ஸ்பீச் குடுக்கோணும் அங்கிள். அப்பா ஏன் வாக்கர் எண்ட பேரை எடுத்தவர்? முந்திக் கேட்டா, உன்ர கலியாணத்தண்டு சொல்லுறன் எண்டுவார். பிறகு கேட்டா, சும்மா சிரிப்பார். உங்களுக்குத் தெரியுமா?"

சுற்றிவர நம் ஊர்ச் சனம் நின்றது. உன் அப்பாவும், மூட்டையும், எங்கள் வீட்டுப் பின்வாசலும் என் தொண்டைவரை வந்தன.

"வெள்ளையளுக்கு வாயில நுழையும் எண்டுதான் பிள்ளை."

அவள் தலையாட்டி, கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டாள். அவள் அதை வாசித்தபோது சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவளுடைய நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். பெயரின் கதையைச் சொன்னால் கலியாணம் நின்ற கதையையும் சொல்லவேண்டி வரும். நான் சொல்லமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். நிமிர்ந்து சொல்லலாம் என்று நீ எடுத்த பெயருக்கு என்ன அர்த்தம் என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னோடு அதுவும் போய்விடும்.