புதன்கிழமைப் பார்சல்

ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. பார்சல் வந்து சேர்ந்தது. பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது போ! டேப், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட்டும் ஷாம்பு பொட்டலமும் ஒரு துண்டும். தங்கக் கட்டியையா அனுப்புகிறாய்?

நான் இப்போது ஆளே மாறிவிட்டேன். துணிப்பையை அறைக் கதவின் தாழ்ப்பாளிலேயே மாட்டிவிட்டேன், மறக்கவே முடியாது. தண்ணீர் பாட்டில் வாங்குவதில்லை, கல்லூரிக் குழாயில் பிடித்துக்கொள்கிறேன். காலையில் ஒரே குக்கரில் அரிசி, பருப்பு, இருக்கிற காய் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு வகுப்புக்குப் படிப்பேன். அதுவே ராத்திரிக்கும். ஷாம்புக்குப் பதில் சோப்புக் கட்டி. கிழிந்ததை நானே தைக்கிறேன். கோணலாகத்தான் வருகிறது, சிரிக்காதே. கையில் நாலு காசும் நிற்கிறது, குப்பைக் கூடையும் நிரம்புவதில்லை.

இந்தத் தாள்கூட, சாயங்காலம் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் வீணானது. பின்பக்கம் யாருடைய பாடமோ. கண்டுகொள்ளாதே.

போனில் பேசலாம் என்றால் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீயும் ‘ம்’, ‘ம்’ என்கிறாய். அதைவிடக் கடிதமே மேல். பார்சலுக்குள் வைத்து நீளமாக எழுது.

உன்,
வாலு

ஜூலை 17

என் வாலுக்குட்டிக்கு,

உன் பிரசங்கம் கிடைத்தது. பல் விளக்கச் சொன்னால் வீட்டைச் சுற்றி ஓடிய கழுதை, இன்று எனக்குச் சோப்புக் கட்டியைப் பற்றிப் பாடம் எடுக்கிறது! அம்மா இருந்திருந்தால் உனக்குத் திருஷ்டி கழித்திருப்பாள். தையல் கோணல் என்றால் நூலை இரட்டையாகக் கோத்துக்கொள், துணியை இழுத்துப் பிடிக்காதே.

பின்பக்கத்தைக் கண்டுகொள்ளாதே என்றாய். அதைத்தான் இரண்டு முறை படித்தேன். இதயத்துக்கு ரத்தம் வரும் வழி போட்டிருந்தது. ‘இங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று’ என்றதோடு தாள் முடிந்துவிட்டது. சென்று என்ன ஆகிறது? அடுத்த பக்கம் கிடைத்தால் அனுப்புடி. ஒரு வருஷத்தோடு கல்லூரியை விட்ட எனக்குப் பாதியில் நிற்பது புதிதா என்ன, இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பார்சலை மட்டும் குறை சொல்லாதே. புதன்கிழமை வந்தால்தான் எனக்குத் தெரு கண்ணில் படுகிறது. கடைக்கு இவரே போய்விடுகிறார். கோவிலுக்கு எதற்கு, வீட்டிலேயே கும்பிடு என்கிறார். “தங்கச்சிக்குப் பார்சல்” என்றால் மட்டும் மறுபேச்சு இல்லை, தாயில்லாப் பிள்ளை என்று உன்மேல் இரக்கம். பார்சல் ஆபீசுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்து ஓட்டை விழப்போகிறது. தேயட்டும்.

உன் கடிதங்களை இவர்தான் பிரித்துப் படித்துவிட்டுத் தருகிறார். பார்த்து எழுது, தங்கம்.

உன்,
அக்கா

ஆகஸ்ட் 2

அன்பு அக்காவுக்கு,

பரீட்சை கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவசரமாக எழுதுகிறேன். மாமா படிக்கிறாரா? நன்றாகப் படிக்கட்டும்! மாமா, நீங்களும் ஒரு துணிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கா, யோசித்துப் பார்த்தேன். இனிமேல் பார்சல் வேண்டாம். எனக்கு வேண்டியது எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. டப்பாவைக் கொண்டுபோனால் எண்ணெய், சோப்புத்தூள் எல்லாம் அளந்து ஊற்றித் தருகிற கடை கண்டுபிடித்துவிட்டேன். ஒரு துண்டுக்காக இத்தனை பிளாஸ்டிக், அனுப்பும் செலவு, வெயிலில் உனக்கும் வீண் அலைச்சல். வீட்டில் நிம்மதியாக இரு. உன் செருப்பாவது மிச்சமாகட்டும்!

அவசரத்துடன்,
வாலு

ஆகஸ்ட் 14

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது மிகச் சரி என்று உன் மாமா மகிழ்ந்தார். இனி பார்சல் அனுப்புவதில்லை. கவனமாகப் படிக்கவும். இக்கடிதத்தை அவரே தபாலில் சேர்க்கிறார்.

இப்படிக்கு,
அக்கா

செப்டம்பர் 20

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பரீட்சை நடுவில் படித்துவிட்டு மேஜையில் போட்டிருந்தேன். நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் வாலு இல்லை. ஒரு திட்டுகூட இல்லை. நாம் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ‘நலம், நலமறிய ஆவல்’ இருக்கிறது. உன் ஜூலைக் கடிதத்தையும் தேடி எடுத்துப் படித்தேன். அப்போது எங்கே போயிருந்தது என் புத்தி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை, அக்கா. குக்கர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுவிட்டது. சோப்புக் கட்டியால் முடி கொட்டுகிறது. தைத்ததெல்லாம் பிரிந்து தொங்குகிறது. அளந்து ஊற்றுகிற கடையையும் மூடிவிட்டார்கள். மாமா, அக்காவைப் பழையபடி பார்சல் போடச் சொல்லுங்கள். வாராவாரம் போட்டால்தான் எனக்குக் கட்டுப்படியாகும். எத்தனை பிளாஸ்டிக்கில் சுற்றினாலும் பரவாயில்லை. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாலு

அக்டோபர் 3

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்து உன் மாமா சிரித்தார். நீ ஆகஸ்டில் எழுதியதை எடுத்து வந்து எனக்கு வாசித்துக் காட்டினார். “வீண் அலைச்சல்னு எவ்ளோ அழகா எழுதியிருக்கா பாரு. படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும். இப்ப சும்மா செல்லம் கொஞ்சுறா” என்றார். சொன்ன சொல்லில் நிற்க வேண்டும் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

நீ வர வேண்டாம். பயணமும் செலவுதான்.

இப்படிக்கு,
அக்கா

நவம்பர் 12, புதன்

அக்கா,

வர வேண்டாம் என்றாய், வந்துவிட்டேன். இன்று காலை உன் வீட்டுக் கூடத்தில், எனக்கும் உனக்கும் நடுவில் மாமா உட்கார்ந்திருந்தார். டம்ளரைக் கழுவித் தருகிறேன் என்று எழுந்தேன். “அவ பாத்துப்பா, நீ உக்காரும்மா” என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு “துணி கிழிஞ்சா நூலை ரெட்டையா கோத்துக்கோ” என்றாய். அந்த ஒன்றைத்தான் என்னிடம் பேசினாய்.

நான் கிளம்பும்போது நீ வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாய். கதவுக்குப் பின்னால் உன் செருப்பைப் பார்த்தேன். மேலே தூசி படிந்து கிடந்தது. மிச்சமாகட்டும் என்று எழுதினேனே, பாவி! அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அழுகை நிற்கவில்லை.

அழுதுகொண்டே இங்கே, உன் பார்சல் ஆபீசுக்கு வந்தேன். கவுண்டரில் இருக்கும் அம்மா நம் முகச் சாடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். “பார்சல் அக்காவோட தங்கச்சியா? அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? புதன்கிழமையானா வந்துடுவாங்களே. பார்சலைப் போட்டுட்டு ஜன்னல் பக்கம் பெஞ்சுல உக்காந்து என் புத்தகத்தைப் படிப்பாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கன்னா, வேணாங்க, இங்கயே இருக்கட்டும்னுடுவாங்க” என்றார்.

புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பாதியில் நிறுத்தியிருக்கிறாய். அடையாளத்துக்கு ஒரு பிஸ்கட் உறையை மடித்து வைத்திருக்கிறாய். அந்தப் பிளாஸ்டிக் குப்பையை எடுக்காதீர்கள் என்று நானே அந்த அம்மாவிடம் கெஞ்சினேன்.

நீ உட்காரும் பெஞ்சில் இருந்துதான் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் உனக்கு முன்னால் அவர் படிப்பார். அதனால் இதைப் புத்தகத்துக்குள், உன் உறைக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

குக்கர் ஒத்துக்கொள்ளவில்லை, கடையை மூடிவிட்டார்கள் என்றதெல்லாம் பொய். எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது. ஒரு குக்கர் இருவருக்குத் தாராளமாகப் போதும். என் அறையில் இன்னொரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பகலுக்கு ஆள் தேடுகிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். நான் ஒவ்வொன்றாக மிச்சம் பிடித்தது எதற்கென்று எனக்கே இப்போதுதான் விளங்குகிறது. கையில் ஒன்றும் எடுக்காமல் வா. முகவரி உனக்கு மனப்பாடம், எத்தனை பார்சலில் எழுதியிருப்பாய்.

தாளைத் திருப்பிப் பார். நீ கேட்ட அடுத்த பக்கம். தேடிப் பிடிக்க இத்தனை நாள் ஆக்கிவிட்டேன். நுரையீரலுக்குப் போன ரத்தம் திரும்பி வந்துவிடுகிறது, அக்கா.

இந்த அம்மா புதன்கிழமை தோறும் புத்தகத்தை உன் பெஞ்சில் எடுத்து வைப்பதாகச் சொல்கிறார். சாயங்காலம் ஆபீசைப் பூட்டும்போது திரும்ப உள்ளே எடுத்து வைத்துவிடுவாராம்.

உன்,
வாலு