லூசியா வீட்டு மேசையில் ஒரு படம்

ஒக்டோபர் 31, வெள்ளி
விடியவே மழை. பக்கத்து வீட்டு லூசியா வந்தாள், மெக்சிக்கோக்காரி. செத்த ஆக்களுக்கு வீட்டில மேசை போடுறாளாம். படம், பூ, பாண், மெழுகுதிரி. முதலாம் திகதி சின்னப் பிள்ளையளுக்கு, ரெண்டாம் திகதி பெரியாக்களுக்கு. எங்கட மரித்தோர் தினம் மாதிரித்தான்.
"ஞாயிறு வா ஸ்டெல்லா. உன்ர அப்பாட படத்தையும் கொண்டு வா."
வாங்க: செவ்வந்தி, இவருக்கு இருமல் மருந்து.

நவம்பர் 1, சனி
நான் வேலை செய்யிற கேர் ஹோமில ஷிப்டை மாத்திப்போட்டினம். மத்தியானமே வீடு. இவரைக் காணேல்லை. பூவைக் குடுப்பம் எண்டு லூசியா வீட்ட போனன். இவர் அங்க, மேசைக்கு முன்னால. என்னைக் கண்டதும் எழும்பிட்டார்.
மேசையில ஒரு சின்னப் படம். பிறந்த குழந்தை. தலை நிறைய மயிர்.
"ஆரின்ர பிள்ளை?" எண்டு லூசியாட்ட கேட்டன்.
அவள் இவரைப் பார்த்தாள். இவர் நிலத்தைப் பார்த்தார்.
"எங்கட பெடியன், ஸ்டெல்லா," எண்டார்.
இதுக்கு மேல எழுத ஏலாது.

நவம்பர் 2, ஞாயிறு
பூசைக்குப் போகேல்லை.
அந்தப் பிள்ளைப்பேறு நேரம் பிரசர் கூடி நினைவில்லாமல் கிடந்தனான். லண்டனுக்கு வந்த புதுசு, இங்கிலீஷ் வராது. டொக்டர் சொன்னதெல்லாம் இவர்தான் எனக்குத் தமிழில சொன்னவர். செத்துத்தான் பிறந்தது. படம் எடுக்கேல்லை. அடக்கமும் முடிஞ்சுது. இவர் சொன்னது இவ்வளவுதான்.
"உயிரோட பிறந்தவனோ?" எண்டு இண்டைக்குக் கேட்டன்.
"ஓம். விடியுமட்டும் இருந்தவன்."
பாதர் வந்து ஞானஸ்நானமும் குடுத்தவராம். பேர் அந்தோனி. இவ்வளவு காலமும் பேரில்லாத பிள்ளைக்கெண்டு செபமாலை சொல்லியிருக்கிறன்.
"நீயும் போயிடுவாய் எண்டு பயந்திட்டன். பிறகு சொல்ல வாய் வரேல்லை."
"லூசியாவுக்குச் சொல்ல மட்டும் வாய் வந்ததோ?"
"அவள் கேட்டாள், சின்னப் பிள்ளை ஆரும் இருக்கோ எண்டு. நீ ஞாயிறுதானே வருவாய் எண்டு நினைச்சன்."
"வேற என்னத்தை மாத்திச் சொன்னனீங்கள்?"
"வேற ஒண்டுமில்லை."
நம்புறதோ தெரியேல்லை.

நவம்பர் 3, திங்கள்
வெயில். வேலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லியாச்சு. படம் இப்ப என்னட்ட. மூக்கு என்ர மூக்கு.
இவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடிச்சன். மனம் கேக்காமல் கேட்டன்.
"விடியுமட்டும் ஆர் அவனைக் கையில வைச்சிருந்தது?"
"நான்தான். கீழ வைக்கேல்லை."
மன்னிக்க இன்னும் ஏலேல்லை. அந்த ரெண்டு கையையும் பார்த்துக்கொண்டே இருந்தன்.