நாலாவது படத்தில் இருப்பது

நவம்பர் 12, 2024
விழுப்புரத்தில் பஸ் கிடைக்கத் தாமதம். திண்டிவனம் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்திருந்தது. இருபத்தாறு வருடக் காட்டுயிர் ஆய்வு, இருபத்தொன்பது கட்டுரைகள். பிறர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவது ஒன்றைத்தான்: மயிலத்து மல்லாட்டை (வேர்க்கடலை) வயலில் நரி எலி பிடிப்பது பற்றியது. அறுபத்தொரு முறை. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பது. அதில் ஏழு நானே காட்டியது.

நவம்பர் 15
அந்தக் கட்டுரையில் என்னோடு கோவிந்தம்மாள் பெயரும் உண்டு. நிலம் அவருடையது. நரி வந்த நாட்களைக் காலண்டரில் குறித்தவரும் அவர்தான். நன்றிக்காகச் சேர்த்தேன். இன்று போன் செய்தார். அந்தப் பெயரைப் பார்த்து ஏதோ ஆய்விதழ்கள் இங்கிலீஷில் மெயில் அனுப்பி, யார் யாரோ எழுதிய கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லச் சொல்கின்றனவாம். தெரிந்ததைச் சொல்லுங்கள், போனே மொழிபெயர்த்துவிடும் என்றேன். விளையாட்டாகத்தான்.

டிசம்பர் 3
புதுக் கட்டுரையை அனுப்பினேன். மயிலத்தில் தானியங்கிக் கேமரா இரவில் எடுத்த 212 படங்கள். பதினோரு நரிகள். ஜனவரிக்குள் ஏற்றுக்கொண்டால் பேராசிரியர் பதவி. இல்லையென்றால் மே மாதம் இப்படியே ஓய்வு.

டிசம்பர் 29
மதிப்பாய்வு வந்தது. எழுதியவர் யாரென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். கட்டுரை யாருடையதென்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டே வரி: நாலாவது படத்தில் இருப்பது நரி அல்ல, டைகர். பதினொன்று அல்ல, எல்லாப் படத்திலும் அதே டைகர்.
புலியா? மயிலத்திலா?
கீழே இதழாசிரியரின் குறிப்பு: புலி என்றால் மிக முக்கியமான கண்டுபிடிப்பு, அப்படியே திருத்தி அனுப்புங்கள், ஒரே வாரத்தில் ஏற்கிறோம்.

டிசம்பர் 30
நாலாவது படத்தில், உடம்பில் வரிகள் தெரிகின்றன.

டிசம்பர் 31
செடியின் நிழலாகவும் இருக்கலாம்.
ஆனாலும் திருத்த உட்கார்ந்தேன். நரி என்ற இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரே புலி என்று மாற்றியது. ‘புலிகள் வயலெலிகளை விரும்பி உண்கின்றன’ என்று ஒரு வரி வந்து நின்றது. நான் சிரிக்கவில்லை. அதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினேன்.

ஜனவரி 2, 2025
மாடு, ஆடு ஏதாவது காணாமல் போனதா என்று கோவிந்தம்மாளைக் கேட்டேன். இல்லை என்றார். உங்கள் வயலில் புலி படத்தில் விழுந்திருக்கிறது என்றேன்.
“மெயில்ல வந்துச்சே, அந்த நாலாவது படமா சார்? அது நடராசன் டீக்கடை நாய். பேரு டைகர். தெனம் என் வரப்புலதான் படுத்துக்கினு இருக்குது, எனக்குத் தெரியாதா?”
அது என் கட்டுரை என்றேன்.
“பேரு போடலையே சார். இங்க யார் யாரோ வந்து கேமரா வெக்கிறாங்க. உங்களுதுன்னு தெரிஞ்சிருந்தா போன்லயே சொல்லியிருப்பேன். தப்பா?”
தப்பில்லை. அதைச் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரமாச்சு? போனை வைத்ததும் படங்களைத் திறந்தேன். இடது காது கிழிஞ்சிருக்கு. 212 படத்துலயும் கிழிஞ்சிருக்கு. எல்லாத்தையும் பார்த்தவன்தானே நான் — பதினோரு நரிக்கும் ஒரே காதா கிழியும்?

ஜனவரி 5
இதழாசிரியர் புலி எங்கே என்று மறுபடி கேட்டிருக்கிறார். நீங்கள் வாய் திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும் என்கிறாள் காயத்ரி. கல்யாணமான நாள் முதல் பேராசிரியர் மனைவி ஆகக் காத்திருப்பவள். மாலையில் கோவிந்தம்மாள் தானே அழைத்தார்.
“புலின்னு போட்டீங்கன்னா ஃபாரஸ்ட்காரங்க வந்து கூண்டு வெப்பாங்க சார். களையெடுக்க ஒரு ஆளு வராது. பாத்து எழுதுங்க.”

ஜனவரி 6
டைகர் என்பது நாயின் பெயர் என்று எழுதிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் பதில். கட்டுரை நிராகரிப்பு. மதிப்பாய்வாளருக்கு மட்டும் பாராட்டு: ஆண்டின் சிறந்த மதிப்பாய்வாளர் என்று ஊரோடு, பெயரோடு வெளியிடப்போகிறார்களாம்.
காயத்ரி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி 31
பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. நான் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு
மறுபடியும் வைத்த கேமராவில் நாற்பது படங்கள். எங்கேயும் அனுப்புவதற்கு முன் கோவிந்தம்மாளிடம் காட்டலாமென்று மயிலம் போனேன். பம்புசெட் நிழலில் யாருடைய லேப்டாப்பிலோ கேமராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழில் கோவிந்தம்மாள் பெயரைப் பார்த்துச் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வாளருடையது. பக்கத்தில் புதுச்சேரிக்காரர் ஒருவர், மடியில் பையோடு.
“உக்காருங்க சார், இவங்களுது முடியட்டும்” என்றார்.
புதுச்சேரிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.