ஆமென் சொல்லாத பக்கம்

மரக்காணம்,
ஜூலை 18, வியாழன்.

அன்புள்ள மேரிக்கு,

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், உன் புத்தகங்களுக்கு உன்னிடமிருந்து கொஞ்சம் ஓய்வையும் தருவாராக.

நானும் நம் மகள் கிருபாவும் நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. இறையியல் படிப்பை நிறுத்திக்கொள்ள நீ அனுப்பிய படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கடைசி நாள் முப்பத்தொன்று என்று சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. கோபப்படாமல் இதைக் கடைசி வரை படி.

வாரத்தில் ஒரு நாள், அரைமணி நேரம் உன் கையில் போன் கொடுக்கிறார்கள். அதை உன் மகளே பேசித் தீர்த்துவிடுகிறாள். அதனால் எனக்குக் கடிதம்தான் மிச்சம். அவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், டீச்சரிடம் வாயாடுகிறாள். சடை பின்னுவதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு யுவராணி தினமும் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுகிறது. "அண்ணே, இது சடையா, படகு கட்டுற கயிறா?" என்று கேட்கிறது. ஆகவே சடையைத் தவிர வேறெதற்கும் நீ படிப்பை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க ஆண்டவரைப் பற்றிப் படிக்கிறேன், அவரோடு பேச உட்கார்ந்தால் நாக்கு காய்ந்துபோகிறது, முழங்காலிட்டால் கிரேக்க வினைச்சொற்கள்தான் வரிசையாக வருகின்றன, இப்படிப்பட்ட நான் ஆயராகி யாருக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். பத்து வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னவள் நீ. சபையே கூடிப் பஸ் ஏற்றிவிட்டது. இரண்டாம் வருஷத்தில் இப்படி எழுதினால் நான் என்ன செய்வேன்? படிவத்தைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தேன். தேதி கிழிக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்த்தது.

இரண்டாவது கடிதம் வந்ததும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. உங்கள் கல்லூரி ஆலயத்தில் மழைக்காக ஜெபித்தார்களாம். எல்லோரும் ஆமென் சொல்ல, நீ மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாயாம். பழக்கம் எங்கே போகும்? பங்குனி முதல் புரட்டாசி வரை மழைக்கு ஜெபித்தால், நம் சபையில் வயல்காரர்கள் உட்காரும் பக்கம்தான் ஆமென் கேட்கும். உப்பளத்துப் பக்கம் கம்மென்று இருக்கும். ஒரு மழை விழுந்தால் பாத்தியில் இருக்கிற உப்பெல்லாம் கரைந்துவிடும், அதற்கு யார் ஆமென் போடுவார்கள்?

உன் வாத்தியார் கண்டுபிடித்துக் காரணம் கேட்டதும், ஒரே சபையில் ஒருவர் வெயிலும் இன்னொருவர் மழையும் கேட்டால் கடவுள் என்ன செய்வார் என்று உன்னையே கட்டுரை எழுதச் சொன்னதும், அதற்கு நீ வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கியதும் இப்போது மரக்காணம் முழுக்கத் தெரியும். நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். போன ஞாயிறு நம் ஆயர் அதைச் சபையில் வாசித்தார். மணிலாக் கடலை பயிரிடும் தனக்கோடி எழுந்து, "நம்ம மேரி ரெண்டு கட்சியையும் ஒண்ணா ஒக்கார வெச்சிடுச்சிப்பா" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஆனால் அந்தக் கடிதத்திலும் கடைசி வரி, மார்க் வருகிறது, ஜெபம் வரவில்லை, படிவத்தை அனுப்புங்கள் என்றுதான் இருந்தது.

மேரி, எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது, பாத்தி தெரியும். உவர்நீர் ததும்பி நிற்கும்போது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் கைப்பிடி உப்புகூடக் கிடைக்காது. தண்ணீர் சுண்டச் சுண்டத்தான் அடியில் உப்பு உட்காரும். அந்த நேரம் பார்த்து பயந்துபோய் மடையைத் திறந்துவிடுகிறவனை நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். நீ காய்ந்துபோனேன் என்று எழுதியது எனக்குக் கெட்ட செய்தியாகப் படவில்லை. பேச வரவில்லையென்றால் சும்மா உட்கார். சபையில் கடைசிப் பாயில் நான் இத்தனை வருஷமாக அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆண்டவர் என்னைத் துரத்திவிடவில்லை.

இனிமேல் சொல்லப்போவதற்குத்தான் நீ என்னைத் திட்டுவாய். கட்டுரையை வாசித்து முடித்ததும், மேரிக்காக யார் ஜெபிக்கிறீர்கள் என்று ஆயர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். இதுவரை சபையில் வாய் திறந்து ஜெபிக்காதவன் நான். உன் விடுதியில் இரண்டு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர் என்று எழுதியிருந்தாயே, அது ஒன்றுதான் மனதில் நின்றது. "ஆண்டவரே, மேரி தண்ணி இல்லாம கஷ்டப்படுது. மழை குடுங்க" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. நம் உப்பளத்துப் பக்கம் முழுக்க ஆமென் என்றது. ஆனி வெயிலில், பாத்தி நிறைய உப்பை வைத்துக்கொண்டு.

அவசரத்தில் நீ படிக்கிற ஊரின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு மரக்காணத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது. இந்த வாரத்து உப்பு அத்தனையும் போயிற்று. என்னோடு வேலை செய்யும் இருசப்பன் அய்யனாரைக் கும்பிடுகிறவன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, "ஏம்பா, ஒங்க சாமிகிட்ட அட்ரஸ் சொல்லிக் கேக்க மாட்டியா?" என்றான். நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஆமென் போட்டவர்கள்தானே. பாத்தியைச் சரிசெய்து மறுபடி தண்ணீர் கட்டப்போகிறோம். ஆனால் ஒன்று, கேட்கவே தெரியாத என் பேச்சுக்கே காது கொடுத்தவர், நீ பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் கேட்காமல் இருக்கமாட்டார். நம் சபைக்கு ஊர்ப் பெயர் சொல்லி ஜெபிக்கத் தெரிந்த ஆயர் ஒருவர் கட்டாயம் வேண்டும். படித்து முடித்துவிட்டு வா.

மழைக்கு முன் நான் வாரியெடுத்த கடைசிக் கைப்பிடி உப்பை உன் படிவத்திலேயே மடித்து அனுப்புகிறேன். உப்பு ஈரம் விட்டிருக்கும். கையெழுத்துப் போடும் இடத்தில் இனி மை நிற்காது.

கர்த்தர் உன்னைக் காய விடட்டும், கருக விடாமல் காக்கட்டும்.

உப்பளத்துப் பக்கத்திலிருந்து,
உன் தங்கராசு.

பி.கு.: அங்கே மழை பெய்ததா என்று எழுது. பெய்யவில்லையென்றால் வருகிற ஞாயிறும் கேட்கிறேன்.