மட்டித் திட்டில் நட்ட மரங்கள்

அன்பு மருமகள் யாந்தேவுக்கு, மாமா பிராம் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ஆடுகள் எல்லாரும் சௌக்கியம், மர்செய் நகரத்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்தால் இப்படித்தான் வம்பு நடக்கும் என்று போன மழைக்காலமே சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை, இப்போது தீவு முழுக்க என் பேச்சுதான்.

பூமிக்கு நல்லது செய்துகொண்டே ஊர் சுற்றுகிறவர்களாம், நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். அவ்வளவு தூரம் விமானத்தில் வந்துவிட்டு என் படகு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும் என்று விசாரித்த யோக்கியர்கள். உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரக்கன்று ஆளுக்கு நூறு நட்டு, அதில் தன் பெயரைக் கட்டிப் படம் எடுத்தால்தான் தூக்கம் வருமாம். நட்ட இடம் எது தெரியுமா, உன் அம்மா மட்டி பொறுக்கும் திட்டு. கண்டல் வேர் பிடித்தால் அந்தச் சேற்றில் ஒரு மட்டிகூட மிஞ்சாது, உன்னைப் படிக்க வைத்ததே அந்த மட்டிதான். எதிர்க்கரை சும்மா கிடக்கிறதே என்றேன், அங்கே படம் சரியாக விழாதாம்.

உன் அம்மா முழங்கால் சேற்றில் நின்று கத்தினாள், "ஏம்ப்பா, உங்க வீட்டு அடுப்புல நான் வந்து மரம் நட்டா சும்மா இருப்பீங்களா?" அதைப் பிரெஞ்சில் சொன்னேன், என் பங்குக்கு நாலு வசவும் சேர்த்தேன். அவர்கள் தலைவி, ஓலைத் தொப்பிக்காரி, "பத்து வருஷம் கழிச்சு நீங்களே எங்களை வாழ்த்துவீங்கம்மா" என்று அவள் தோளைத் தடவினாள்.

உடனே குரலைத் தாழ்த்தி, இது ஜோம்போ என்ற எங்கள் மூதாதை ஆவி குடியிருக்கும் திட்டு, அதற்கு நிழல் ஆகாது என்றேன். அடேயப்பா! உயிரோடு நிற்கிறவள் சொன்னது காதில் ஏறாத கூட்டம், கண்ணில் படாத ஆவிக்கு நெஞ்சில் கைவைத்துக் குனிந்தது. நட்டதைத் தாங்களே பிடுங்கிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனார்கள். "உள்ளூர் நம்பிக்கையை மதிக்கிறதுதான் எங்க கொள்கை" என்றாள் தொப்பிக்காரி. மண்டையில் மூளைக்குப் பதில் கொள்கை.

உன் அம்மாவோ அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டாள், "இத்தனை வருஷமா அது தலையில மிதிச்சிட்டுத் திரிஞ்சேனே, ஏன்டா பாவி சொல்லல?" இப்போது வெள்ளிக்கிழமைதோறும் திட்டில் பாலும் கம்பு மாவும் வைத்துவிட்டுத்தான் கூடையை எடுக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆண்டவன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பான். அம்மாவுக்குப் போன் பண்ண மறக்காதே, ஆனால் ஜோம்போ பேச்சை மட்டும் எடுக்காதே. அப்படி ஓர் ஆவியே கிடையாது மகளே, அது போன பெருநாளுக்கு நாம் அறுத்துத் தின்ற கிடாவுக்கு நான் மட்டும் ரகசியமாக வைத்திருந்த பெயர்.

உன் தாய்மாமன்,
பிராம்