டக்காரில் முதல் சாப்பாடு

மாசி 14, சனி

ஐஸ் மழை. படியெல்லாம் கண்ணாடி மாதிரி. உப்புப் போட்டன்.

பின்னேரம் டொலார்ட்டில சகலன் வீட்ட. என்ர மனிசி பவானியின்ர அக்காவை அவர் கட்டின பாவத்துக்கு எனக்கும் சொந்தம். இனி ச. எண்டுதான் எழுதுவன், முழுப்பேர் எழுதினா மை வீண்.

சித்திரையில நாலு பேரும் செனகலில டக்கார் போறம். ரிக்கற் எடுத்தது ச. இறங்கிறது வெள்ளி காலமை. ரீவியில படம் போட்டுப் பாடம் எடுத்தார். முதல் நாள் ஆறுதலாவாம், உடம்பு அலையக்கூடாதாம்:

ஹொட்டலில குளிப்பு, நித்திரை
படகில கோறே தீவு
மலையில நிக்கிற பெரிய சிலை
கடற்கரை நடை
ஹொட்டலில சலாட்

"இது ஆறுதல் எண்டா அலைச்சல் எப்பிடியண்ணை இருக்கும்?" எண்டு கேட்டன். அவற்ர மனிசி செல்வமக்கா சிரிச்சா. ச. சிரிக்கேல்லை.

அதில சிவத்தின்ர பேரே இல்லை. அக்காமார் ரெண்டு பேருக்கும் ஒரே தம்பி. கனடா எண்டு கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் டக்காரில விட்டிட்டு மாறினவன். முப்பது வருசம். அங்கயே பிறிஜ் பெட்டி திருத்தி, அந்த ஊர்ப் பிள்ளையைக் கட்டி இருக்கிறான். அவனைப் பாக்கத்தானே போறம்? மூண்டாம் நாள் ஒரு மணித்தியாலமாம். அதுவும் அவன் ஹொட்டலுக்கு வரவேணுமாம்.

வீட்ட வந்து சப்பாத்தைக் கழட்டேக்க பவானி சொன்னாள்: "இறங்கின உடன முதல் சோறு நான் அவன்ர வீட்டில தின்னவேணும்."

மாசி 15, ஞாயிறு

ச.வுக்குப் போன் அடிச்சு, முதல் நாளே சிவம் வீட்ட சாப்பிடுவமோ எண்டு கேட்டன். அவர் சொன்னது: "தம்பி, அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டம். அவையள் வெள்ளியில மீன்சோத்தைத் தாம்பாளத்தில போட்டு எல்லாரும் கைவைச்சுத் தின்னிறவை. போய்த் தின்னாமல் எழும்பினா அவைக்குத்தானே குறை."

அவைக்குக் குறை வந்திடுமெண்டு இந்த மனிசனுக்கு எவ்வளவு கவலை.

வியாழன் இறங்கிற ரிக்கற்றும் இருந்ததாம். செல்வமக்கா பவானிக்குச் சொன்னா. பாத்துத்தான் வெள்ளி எடுத்திருக்கிறார், கள்ளன்.

மரக்கறியாம். தன்ர மகன்ர பேர்த்டே வெள்ளியில வர, முற்றத்தில நிண்டு கோழி பிரட்டினதை என்ர கண்ணால கண்டனான். அப்ப கேட்டதுக்கு, பிரட்டினது மட்டும்தானாம்.

மாசி 17, செவ்வாய்

மூக்கு விழுந்திடும் போல குளிர். பஸ் பிந்தி.

வெயார்ஹவுஸில செனகல்காரன் இப்ராவைக் கேட்டன். அவன்ர பிரெஞ்சும் என்ர பிரெஞ்சும் சேத்தாலும் முக்கால்தான். வெள்ளி மத்தியானம் சிலை பாக்கப் போறமெண்டதுக்கு போர்க்லிப்டை நிப்பாட்டிப்போட்டுச் சிரிச்சான். தொழுகை முடிய ஊர் முழுக்க வீட்டதான் சாப்பாடாம். விருந்தாளி வெளியில தின்னா வீட்டுக்காரிக்கு முகமில்லையாம்.

காலுறை வாங்கவேணும். தையல் நூல்.

சிவத்துக்கு வொய்ஸ் அனுப்பினன். எழுதினா எனக்குப் பிழை வரும். வெள்ளி, மச்சம், அவன்ர பெரியத்தான் ச.வின்ர கவலை எல்லாம் சொன்னன். அவரைப் போலவே கதைச்சும் காட்டினன். பவானிக்குச் சொல்லேல்லை.

மாசி 19, வியாழன்

பதில் இல்லை. பவானி ரெண்டு தரம் கேட்டாள், தம்பி ஏன் போன் எடுக்கிறானில்லை எண்டு. பகிடி கூடிப்போச்சோ. காலுறை மறந்தாச்சு.

மாசி 20, வெள்ளி

முருகன் கோயில். பூசை முடிஞ்சு கீழ மண்டபத்தில நாங்கள் நாலு பேரும் சாப்பிட இருக்க, சிவத்தின்ர வொய்ஸ் வந்தது. சத்தமாப் போட்டன். தமிழ் துருப்பிடிச்சு, சொல்லுகளைத் தேடித் தேடி:

"அத்தான், பெரியத்தானை யோசிக்கவேண்டாமெண்டு சொல்லுங்கோ. இஞ்ச வந்த நாளில இருந்து நான் ஒரு வெள்ளியும் மச்சம் தின்னேல்லை. என்ர மனிசி எனக்கெண்டு புறம்பாச் சட்டி வைச்சு மரக்கறி சமைக்கிறவ. அண்டைக்குப் பெரிய சட்டி வைப்பா, அவ்வளவுதான்."

பக்கத்து மேசையும் திரும்பிப் பாத்தது. பவானி முந்தானையால மூக்கைத் துடைச்சாள். ச. பாயாசத்தைக் கிளறினார். பேந்து, "படகு புக் பண்ணியாச்சு" எண்டார்.

செல்வமக்கா அந்தாளுக்கு மறுத்துக் கதைச்சு நான் கண்டதில்லை. கடதாசித் தட்டை ரெண்டா மடிச்சா. "அப்ப நீங்கள் தீவைப் பாத்திட்டு வாங்கோ. நாங்கள் மூண்டு பேரும் தம்பி வீட்ட போறம்."

திரும்பி வரேக்க காரில ஹீற்றர் வேலை செய்யேல்லை. ஆரும் குறை சொல்லேல்லை.

மாசி 21, சனி

வெயில், பேருக்கு. சிவத்தின்ர மனிசிக்குச் சீலை எடுக்க அக்காவும் தங்கச்சியும் போயிட்டினம்.

ச. போன் அடிச்சார். சுகம் விசாரிக்கேல்லை. அந்த மரக்கறிச் சட்டியில உள்ளி போடுவினமோ எண்டு கேட்டார். வெள்ளியில தனக்கு அதுவும் ஆகாதாம்.

போடுவினம் எண்டன். நிறைய.